சர்வீஸ் நம்பர் அதேதான்: ரெக்கார்ட்ஸ் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

படைவீரர்களின் பணி ஆவணங்களைப் பராமரிக்கும் முப்படைகளின் ரெக்கார்ட்ஸ் அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், புது தில்லியில் முன்னாள் படைவீரர் நலத் துறையை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பல்டனில் (படைப்பிரிவில்) எங்களை 'பாபு' என்று கூப்பிடுவார்கள். இப்போது பல்லாவரத்தில் குடியிருக்கிறேன். பரங்கிமலை, தாம்பரம், ஆவடி என்று சுற்றுவட்டாரத்துப் பென்ஷன்காரர்கள் பேப்பரும் கையுமாக வந்துவிடுவார்கள், எழுதிக் கொடுப்பேன். மனைவி பெயரில் ஓர் எழுத்துப் பிழை, பிறந்த தேதி ஒரு வருடம் தள்ளி, இரண்டாவது பிள்ளையின் பெயரையே காணோம். ஆள் சேர்க்கும் மேஜையில் நம் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்ததன் பலன் இதில் பாதி. இவற்றையெல்லாம் உங்கள் அலுவலகங்கள் திருத்திக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நான் குறை சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல, திருநரான ஒரு முன்னாள் படைவீரரின் பெயரைத் திருத்த மறுப்பதைப் பற்றி.

அப்படி வந்தவர்களில் ஒருவர் திருநங்கை. தன் பெயரும் படைப்பிரிவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இரண்டையும் சொல்லவில்லை. பென்ஷனுக்குத் தேவையான 15 ஆண்டுகளைத் தாண்டி, நாயக் ரேங்கில் சர்வீஸை முடித்தவர். வெளியே வந்த பிறகுதான் தான் யார் என்பதைச் சொல்லி வாழத் தொடங்கினார். ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னைக் கலெக்டர் ஆபீஸில் திருநர் அடையாளச் சான்று வாங்கினார். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியானது. அந்தத் தாளைக் காட்டியதும் ஆதார் மாறியது, பான் மாறியது, வங்கியிலும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது ராணுவம் மட்டும்தான்.

முன்னாள் படைவீரர் ஒருவரின் மற்ற காகிதங்கள் எல்லாம் ராணுவ ஆவணத்திலிருந்துதான் பிறக்கின்றன. பணியிலிருந்து விலகும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கை வைத்துத்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அடையாள அட்டை தருகிறது. அந்தப் புக்கையும் பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய உத்தரவையும் வைத்துத்தான் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை. கேன்டீன் கார்டும் அப்படியே. மேல்தொட்டியில் வால்வு மூடிக் கிடந்தால் வீட்டில் எந்தக் குழாயைத் திருகி என்ன பயன்?

இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் போய்விட்டது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது நவம்பர் மாதம். அதை ஆன்லைனில் பதியும் ஜீவன் பிரமாண் ஆதாரை வைத்து ஓடுவது. ஆதாரில் ஒரு பெயர், ஸ்பர்ஷில் வேறொரு பெயர் என்று இருந்தால், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரின் உயிரை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. சான்று ஏறாவிட்டால் பென்ஷன் நிற்கும். அவருக்கு நின்றது. அலைந்து திரிந்து மீண்டும் வரவழைத்தோம். அடுத்த நவம்பருக்கும் இதே கதைதான்.

இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் நடந்தது இதைவிட மோசம். அட்டையில் உள்ள பழைய ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். புடவையில் இருந்தவர் எழுந்ததும் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 'வேற ஆளோட கார்டா?' என்று ஒருவர் கேட்டாராம். அப்புறம் அவர் அங்கே போகவே இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் சொந்தக் காசு போட்டு வாங்குகிறார். இலவச மருந்துக்கு உரிமையுள்ள ஒரு படைவீரர்!

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஆனால் ரெக்கார்ட்ஸிலிருந்து வந்த பதில்களைச் சொல்கிறேன். முதலில், மாநில அரசிதழ் போதாது, மத்திய அரசிதழ் வேண்டும் என்றார்கள். பிறகு, மருத்துவக் குழுவின் அறிக்கை கேட்டார்கள். கடைசியாக, ஓய்வு பெற்றபோது இருந்த பெயரே ஆவணத்தில் நிற்கும், மாற்ற வழியில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாலின அடையாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்த நபருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. (தமிழ்நாடு தன் திருநங்கையர் நல வாரியத்தை 2008-இல் தொடங்கியதும் ஓர் ஏப்ரல் 15-இல்தான்.) 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சான்று பெற்றவர் தன் பெயரைப் பிறப்புச் சான்றிதழிலும் தன் அடையாளம் தொடர்பான மற்ற எல்லா அலுவல் ஆவணங்களிலும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. மற்ற 'எல்லா' ஆவணங்களும் என்று எழுதியவர்கள், ராணுவம் நீங்கலாக என்று எழுதவில்லை. 2020-இல் வந்த விதிகள், மருத்துவப் பரிசோதனை இல்லாமலே ஆட்சியர் அடையாளச் சான்று வழங்க வகை செய்தன. பட்டியலில் உள்ள ஆவணங்களை 15 நாட்களுக்குள் திருத்தித் தர வேண்டும் என்றும் கெடு வைத்தன. இவர் சான்று வாங்கியது அந்த விதிகளின்படிதான். ஆட்சியர் கையெழுத்திட்ட பிறகு, ஒரு பெயரைத் திருத்த ரெக்கார்ட்ஸுக்கு எதற்கு மருத்துவ அறிக்கை? மனைவி பெயரில் எழுத்துப் பிழை என்றால் அந்த அம்மாவைப் பரிசோதித்துவிட்டா திருத்துகிறீர்கள்?

இனி பாபுவாகப் பேசுகிறேன். பணியில் இருப்பவனுக்குக் கல்யாணம், குழந்தை, பெயர்த் திருத்தம் எதுவானாலும் பார்ட் டூ ஆர்டர் என்னும் பதிவு உத்தரவில் ஏறும். ஓய்வு பெற்றவருக்கு, ரெக்கார்ட்ஸ் சரிபார்த்து அனுப்பினால் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து காரிஜெண்டம் பி.பி.ஓ., அதாவது திருத்திய ஓய்வூதிய உத்தரவு, வரும். பழைய பி.பி.ஓ.வை யாரும் கிழித்துப் போடுவதில்லை. அது கோப்பில் இருக்கும், திருத்தம் அதன் மேல் சேரும். இத்தனைக்கும் நடுவில் ஆள் மாறிவிடாமல் பிடித்து வைத்திருப்பது சர்வீஸ் நம்பர். ஒரே பல்டனில் நாலு முருகன், மூன்று செல்வராஜ் இருப்பார்கள். சம்பளம் மாறிப் போகாமல் பார்த்துக்கொண்டது பெயரா, நம்பரா? பெயர் மாறினால் ஆள்மாறாட்டம் நடக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நம்பர் இருக்கிறது, கைரேகை இருக்கிறது, அங்க அடையாளங்கள் டிஸ்சார்ஜ் புக்கிலேயே இருக்கின்றன.

பணமும் தடையில்லை. பென்ஷன் ரேங்கையும் சர்வீஸ் காலத்தையும் டிரேடு குரூப்பையும் பார்த்துக் கணக்கிடப்படுவது. நாயக் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் ஒரு ரூபாய்கூட மாறாது. குடும்பப் பென்ஷன் யாருக்கு என்று ஒரு கேள்வி வரும். முன்பே மணமாகி மனைவி இருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அது வேறு பத்தி, வேறு சரிபார்ப்பு. ஒருவரின் பெயரைத் திருத்துவதால் இன்னொருவரின் உரிமை தானாக அழிந்துவிடாது. அதைக் காரணம் காட்டி இதைக் கிடப்பில் போடுவது சரியில்லை.

உங்கள் தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ரெக்கார்ட் என்பது நடந்ததன் சாட்சி. அன்று என்ன பெயரில் ஆள் சேர்ந்தாரோ, என்ன பெயரில் பனியிலும் வெயிலிலும் நின்றாரோ, அதை மாற்றி எழுதினால் அது ரெக்கார்ட் ஆகாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். சர்வீஸ் விவரங்கள் எழுதியிருக்கும் ஷீட் ரோலில் கைவைக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. பழைய பெயர் உள்ளே இருக்கட்டும், புதிய பெயரோடு சேர்த்துப் பதியுங்கள். வெளியே போகும் காகிதத்தில் மட்டும் இன்றைய பெயர் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் கவனம் வேண்டும். பழைய பெயரை அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் புதிய பெயரை எழுதி, முத்திரை குத்திக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தை எங்கே நீட்டுகிறோம்? அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்கு, வங்கியில் காவலர் வேலைக்கு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் அரசுத் தேர்வுக்கு. அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கும் ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் அவர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டிவரும். சொல்லி முடித்ததும் வேலை காலியில்லை என்பார்கள். அவருக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதனால் புதிய பெயரில், அதே சர்வீஸ் நம்பரோடு, சேர்ந்த நாள், விலகிய நாள், ரேங்க், பதக்கங்கள், நடத்தை மதிப்பீடு எல்லாம் கொண்ட ஒரு சான்றைத் தனியாகக் கொடுங்கள். பழைய புத்தகம் அவர் பீரோவில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் நம் டிஸ்சார்ஜ் புக் போல டிடி 214 என்று ஒரு படிவம் உண்டு. ஆவணத்தைத் திருத்தவென்றே அங்கே படைகளுக்குத் தனி வாரியங்கள் இருக்கின்றன. 2014-இல் தரைப்படை வாரியம், திருநரான இரண்டு முன்னாள் படைவீரர்களுக்குப் புதிய பெயரில் அந்தப் படிவத்தைத் தர ஒப்புக்கொண்டது. திருநர் படையில் பணியாற்றலாமா என்பதில் அந்த நாட்டின் கொள்கை ஆட்சிக்கு ஆட்சி புரள்வது வேறு விஷயம்.

இங்கேயும் அது வேறு விஷயம்தான். 2017 அக்டோபரில் நம் கடற்படை, பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மாலுமியைப் பணியிலிருந்து நீக்கியது, வழக்கு நீதிமன்றம் போனது. அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, இந்த மடலில் அதைக் கலக்கவில்லை. இவர் சர்வீஸை ஒழுங்காக முடித்துக்கொண்டு வந்தவர். யாரையும் படையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி இங்கே கேட்கவில்லை.

கேட்பது இதுதான். ஆட்சியரின் சான்றும் மாநில அரசிதழும் ஆதாரும் இருந்தால் போதும் என்று எல்லா ரெக்கார்ட்ஸ் அலுவலகங்களுக்கும் தில்லியிலிருந்து ஒரே கடிதம் போகட்டும். ஓர் அலுவலகம் ஏற்பதை இன்னொன்று மறுக்கும் நிலை அதோடு ஒழியும். ரெக்கார்ட்ஸில் திருத்தியது ஸ்பர்ஷுக்கும் இ.சி.எச்.எஸ்.ஸுக்கும் தானாகப் போய்ச் சேரட்டும், ஒவ்வொரு கவுண்டரிலும் அவரே ஏறி இறங்க வேண்டாம். 2019 சட்டத்தின் 11ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் அலுவலகத்தில் அவர் யார், எந்த எண்ணில் பேசலாம் என்று வாசலில் எழுதி மாட்டுங்கள்.

அவருடைய புதிய விண்ணப்பம் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் உங்களில் ஓர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பதில் போடும்போது உறையின் மேல் அரசிதழில் உள்ள பெயரை எழுதுங்கள். பழைய பெயரில் பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட் வந்தால், அவர் குடியிருக்கும் தெருவில் தபால்காரர் அதை யாரிடமும் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பாபு,
பல்லாவரம், சென்னை.