ஏழாவது ட்வீட்டை யாரும் பகிரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இனி யாரும் நீளமாகப் படிக்கப் போவதில்லை, சொல்ல வந்ததைத் துண்டு துண்டாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நானும் அப்படி நம்பி ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) வருடக்கணக்கில் த்ரெட், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த ட்வீட் வரிசை, எழுதியவன்தான். ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன்.

அப்பா பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்த சமயம், அவரைப் பார்த்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதையெல்லாம் 14 ட்வீட்டாக எழுதினேன். ஆறாவது இது: "ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினோம். அப்பாவுக்குத் தலைசுற்றல் அடியோடு போய்விட்டது." ஏழாவது: "ஆனால் நாங்களாக நிறுத்தவில்லை. எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்குவதை டாக்டர் அளந்து பார்த்துதான் நிறுத்தச் சொன்னார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து."

ஆறாவது மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டாகக் கிளம்பிப் போனது. ஏழாவதைச் சீந்துவாரில்லை. மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் இன்பாக்ஸில் எழுதியிருந்தார்: "அண்ணா, எங்க அம்மாவுக்கும் தலைசுற்றல். நேத்தே மாத்திரையை நிறுத்திட்டோம். எத்தனை நாள்ல சரியாகும்?" படித்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே டாக்டரைப் பாருங்கள் என்று கெஞ்சி எழுதினேன். அவர் போனார், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போனதோ.

அன்று இரவு அந்த இரண்டு ட்வீட்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இதையே யாரிடமாவது நேரில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன்? "எழுந்து நின்றால் அழுத்தம் இறங்குகிறது என்று டாக்டர் சொன்னதால் மாத்திரையை நிறுத்தினோம்." தமிழில் வினைமுற்று பொதுவாகக் கடைசியில்தான் வரும். இப்படி ஒரே வாக்கியமாகச் சொன்னால், காரணத்தையும் நிபந்தனையையும் தாண்டாமல் யாராலும் 'நிறுத்தினோம்' என்ற சொல்லுக்கு வந்து சேர முடியாது. நம் மொழியே கட்டிக் கொடுத்திருக்கிற பாதுகாப்பு அது. நான்தான் அதை உடைத்து, முடிவை ஒரு ட்வீட்டிலும் காரணத்தை அடுத்த ட்வீட்டிலும் வைத்தேன். இடம் போதாமல் செய்ததில்லை. ஒவ்வொரு ட்வீட்டும் தனியாக நின்று லைக் வாங்க வேண்டும் என்ற ஆசையில் செய்தது.

ஒரு ட்வீட்டுக்கு இத்தனை எழுத்துதான் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வருத்தம் கூடுகிறது. ட்விட்டரின் தொடக்க காலத்தில் குறுஞ்செய்தியின் 160 எழுத்தில் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு, மீதி 140 நமக்குக் கிடைத்தது. ஒரு கருத்தைச் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் யோசித்து வைத்த அளவு இல்லை அது. 2017 நவம்பரில் 280 ஆனது. அடுத்த மாதமே த்ரெட் கோப்பதற்கென்று கூட்டல் குறியோடு ஒரு பொத்தானும் வந்தது. நமக்கு அந்த 280-உம் முழுசாகக் கிடைப்பதில்லை. 'கொக்கு' நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினி க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறாக எண்ணும். அதனால் தமிழில் த்ரெட் எழுதுகிறவர் முதலில் வெட்டுவது 'இருந்தாலும்', 'பெரும்பாலும்', 'எனக்குத் தெரிந்தவரை' போன்ற சொற்களைத்தான். அப்புறம் பார்த்தால் எல்லாமே அடித்துச் சொன்ன மாதிரி நிற்கும்.

இப்போது இடமில்லை என்ற சாக்கும் போய்விட்டது. ஃபேஸ்புக்கில் 2011-லிருந்தே ஒரே பதிவில் 63,000 எழுத்துக்கு மேல் எழுதலாம். ட்விட்டரிலும் 2023-ல் சந்தா கட்டுகிறவர்களுக்கு முதலில் 4,000, அப்புறம் 25,000 வரை கொடுத்துவிட்டார்கள்.

த்ரெட்டே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளம் ஏறும்போது, தீர்ப்பு வாசிக்கப்படும்போது, நடப்பதை நடக்க நடக்கச் சொல்ல அதைவிட நல்ல வடிவம் கிடையாது. எந்த வரியில் சந்தேகமோ அந்த வரிக்குக் கீழேயே கேள்வி கேட்கவும் முடிகிறது. நீள்பதிவு எழுதுகிறவர்களிடமும் குறை உண்டு. பத்தி பிரிக்காமல் சுவர் மாதிரி எழுதி வைத்தால், 'மேலும் பார்க்க' என்பதைத் தொட்டு உள்ளே வந்தவரும் திரும்பி ஓடத்தான் செய்வார். ஆனால் ஒன்றோடொன்று பிணைந்த விஷயத்தை, அதுவும் மருந்து, சட்டம், ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டதை, கழற்றி எடுக்க வசதியாக எழுதக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

அந்த த்ரெட்டை அழித்துவிட்டு, அதையே ஃபேஸ்புக்கில் ஒரே பதிவாக எழுதினேன். மாத்திரை பற்றிய பத்தியை மட்டும் நான்கு தடவை மாற்றி எழுதினேன். த்ரெட்டுக்கு விழுந்த லைக்கில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. அப்பாவைப் படுக்கையில் எத்தனை மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது கடைசிக்கு முந்தின பத்தியில் இருக்கிற விஷயம். அவ்வளவு தூரம் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணையத்தில் கண்டவை என்று நீங்கள் வாராவாரம் எடுத்துப் போடும் பக்கத்தில் த்ரெட்டிலிருந்து ஒரே ஒரு ட்வீட்டை மட்டும் எடுக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் சேர்த்துப் போடுங்கள். இடமில்லை என்றால் அந்த வாரம் அதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்