ஒரே கூடையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் லத்தீனோ எழுத்தாளர்கள் (லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர்கள்) எல்லாரையும் ஒரே கூடையில் போட்டிருந்தீர்கள். 1990இல் அமெரிக்காவின் புலிட்சர் இலக்கியப் பரிசு பெற்ற ஒஸ்கார் ஹிஹுவேலோஸ் நியூயோர்க்கில் பிறந்த, கியூபக் குடும்பத்துப் பிள்ளை. 2008இல் அதே பரிசைப் பெற்ற ஜூனோ டியாஸ் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர், ஆங்கிலத்துக்குள் ஸ்பானியச் சொல்லைச் சாய்வெழுத்தில்கூடப் போடாமல் அப்படியே விடுபவர். சான்ட்ரா சிஸ்னெரோஸ் சிகாகோவில் மெக்சிக்க வீடொன்றில் ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக வளர்ந்து, படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே எழுதியவர் (எங்கள் ஆசிரிய எழுத்தாளர்களைப் போலத்தான்). மலையகம், யாழ்ப்பாணம், காத்தான்குடி எல்லாம் ஒரே எழுத்து என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வராதா? சரி, அடுத்த முறை ஒருவரையாவது தனியே எடுத்து எழுதுங்கள்.

வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 6