சேச்சி வைத்துவிட்டுப் போன காப்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அப்பாவிடம் சொன்னாயாம். என்னோடு பேசவில்லை. நானும் போனை எடுக்கவில்லை. பேசினால் இரண்டு பேரும் குரலை உயர்த்துவோம், பாதியில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் நம் மலையாளத்துச் சேச்சி நம் வீட்டுக்கு வந்தார். மங்கலதேவி மலைக் கண்ணகி கோயிலுக்குப் போய் வந்த கால்வலி அவருக்கு இன்னும் தீரவில்லை. "மழை தொடங்கப் போகிறது, இனி ராத்திரியில் தூக்கம் வராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருடைய மகள் முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே உப்புத்தரையில் ஆற்றங்கரை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும், "அணை பலமாக இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், அது உடையும் என்ற உங்கள் பொய் ஓயவில்லையே" என்றாய். கட்டன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். அந்தத் தம்ளரைக் கழுவும்போது எனக்குக் கை நடுங்கியது.

அணை விஷயத்தில் என் கருத்தும் உன் கருத்தும் ஒன்றுதான். நான் கூடலூரில் பிறந்தவள். என் அப்பாவின் வயல் இரண்டு போகம் விளைந்தது பெரியாற்றுத் தண்ணீரால். பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த அந்த அணை இல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கும் இல்லை, மதுரைக்கு அப்பால் இராமநாதபுரம் வரை போகும் பாசனமும் இல்லை. அணைக்காகக் கேரளத்து நிலத்துக்கு 1886இல் போட்ட குத்தகை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் எட்டாயிரம் ஏக்கர், 999 ஆண்டுகள். வெள்ளைக்காரன் திருவிதாங்கூர் மகாராஜாவை நெருக்கி வாங்கிய கையெழுத்து என்று சேச்சி சொல்வார். அதில் நியாயம் உண்டு என்பேன். ஆனால் 1970இல் இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து வாடகையை முப்பது ரூபாயாக்கிப் புதுப்பித்தார்களே, அது யாரும் நெருக்கி வாங்கிய கையெழுத்து அல்ல என்பேன். பதினைந்து வருடமாக எங்களுக்குள் இந்த வழக்கு நடக்கிறது. ஒருநாளும் காப்பி பாதியில் நின்றதில்லை.

நீ அந்தத் தீர்ப்பைச் சொல்கிறாயே, அதை முழுவதும் கேட்டாயா? நம் தையல் கடைக்கு வரும் வக்கீலம்மா வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னார். 1979இல் பயம் எழுந்தபோது நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு அணையைப் பலப்படுத்தினார்கள். 2006 பிப்ரவரியில் நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டசபை 136க்கு மேல் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். சரியான தீர்ப்பு. பிடிக்காத தீர்ப்பைச் சட்டம் போட்டு அழிக்கலாம் என்று விட்டால் நம்மைப் போன்றவர்கள் எந்த வாசலுக்குப் போவது? ஆனால் அதே தீர்ப்பு, கேரளத்தின் அச்சத்தைப் போக்குவதற்காக என்று சொல்லியே மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. அச்சத்துக்குக் காரணமில்லை என்று முடிவு செய்த நீதிபதிகளே அஞ்சியவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. நீ சொன்னாய்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது, "நம்பிக்கையில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை" என்று இதே வீட்டில் நின்று கத்தினாய். அன்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னது உனக்குத் தீர்ப்பாகப் படவில்லை. கார்த்திகை பிறந்தால் இராப்பகலாக இருமுடிப் பை தைப்பவள் நான். எந்த வயதுப் பெண்ணும் ஐயப்பனைப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம், அப்பாவுக்குப் பிடிக்காவிட்டாலும். நீ வேறு மாதிரி நினைக்கலாம், அது உன் உரிமை. ஆனால் நமக்குச் சாதகமான நாளில் மட்டும் நீதிமன்றம் பெரியது என்றால் நீ மதிப்பது நீதிமன்றத்தை அல்ல, உன் விருப்பத்தைத்தான்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நீ பேசிய வார்த்தைகள் உன்னுடையவை அல்ல; திரையில் கைதட்டலுக்காக எழுதியவை போலவே இருந்தன. 2011 நவம்பரில் அணை உடைவதைக் காட்டிய படம் ஒன்று வந்தது. தமிழ்நாட்டு அரசு தடை செய்தது. அந்தத் தடை தவறு என்று அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தடை செய்ததால்தான் பார்க்காதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த மாதம் என்ன ஆனது என்று உனக்கு நினைவிருக்கும், ஆறாம் வகுப்பில் இருந்தாய். அணைத் தகராறில் எல்லையில் வண்டிகள் நின்றன. ஏலத் தோட்டத்துக்கு வந்த கம்பத்துப் பெண்கள் பயந்துபோய்த் திரும்பினார்கள். மூன்று நாள் நான் கடையைத் திறக்கவில்லை. நான்காம் நாள் சேச்சி வந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லி, ரவிக்கைத் துணியைக் கொடுத்து, தைத்து முடிக்கும் வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் நீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அன்றும் அவர் புதிய அணை வேண்டும் என்றுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

வண்டிப்பெரியாறு தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் உன் அத்தையை நினைத்தாயா? அவளும் தமிழச்சிதான். அவள் வீடும் அணைக்குக் கீழே அந்த ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது. அடைமழை இரவுகளில் அவள் முக்கியமான காகிதங்களைப் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். அவளையும் பொய்க்காரி என்பாயா?

நாம் மலையேறிக் கும்பிட்டு வந்தோமே, அந்தக் கண்ணகி பாண்டியன் சபைக்குள் போனதும் ஊரை எரித்துவிடவில்லை. முதலில் வழக்கைச் சொன்னாள், சிலம்பை உடைத்தாள், உள்ளேயிருந்து மாணிக்கப் பரல் தெறித்தது. அதற்குப் பிறகுதான் நெருப்பு. வருடத்தில் ஒரே ஒரு நாள் திறக்கும் அந்தக் கோயிலில் பளியன்குடி வழியாக நடந்து வந்த நம்மவர்களும் குமுளியிலிருந்து ஜீப்பில் வந்த அவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றோம். அவர்கள் மங்கலதேவி என்கிறார்கள், நாம் கண்ணகி என்கிறோம். வெயிலில் உனக்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்.

கருத்தை மாற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் நமக்கு வேண்டும் என்று சேச்சியிடமே உரக்கச் சொல். பொய் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்.

நேற்றிலிருந்து மழை பிடித்திருக்கிறது. சேச்சி இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உன்னைப் பற்றி அவர் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய எண் மாறவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டால் எடுப்பார்.

அன்புடன்,
அம்மா
குமுளி