திரும்ப வா மக்ளே

எங்க தெருவுக்கு வந்துட்டுப் போற டாக்டர் பிள்ளைக்கு,

நீ இன்னும் ஃபர்ஸ்ட் இயர்தான்னு எனக்கு தெரியும், ஆனா இங்க எல்லாரும் உன்ன அப்படித்தான் கூப்பிடுறாங்க. பேர் போடாம எழுதுறேன், உனக்கு மட்டும் புரிஞ்சா போதும். போன விசிட்ல நீ எங்க அடுக்களையில நின்னு கண்ண தொடச்சுக்கிட்டது எனக்கு மனசுக்குள்ளயே கெடக்கு. அன்னைக்கு பஸ் ஹாரன் அடிச்சிட்டான், ஒண்ணும் சொல்ல முடியல.

மெஸ்ல எந்த டேபிள்ல போய் உக்காருறதுன்னே தெரியலம்மான்னு சொன்ன. ஒரு பக்கம் ஒண்ணா கோச்சிங் போனவங்க, ஒரு பக்கம் மலையாளம் பேசுறவங்க, நீ தர்மபுரி பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சிட்டு வந்தவ, முதல் வாரமே ஒருத்தி நீ செவன் பாயிண்ட் ஃபைவான்னு கேட்டுட்டா. கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்டுல குடுக்குற அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020ல வந்தது, சட்டம் போட்டு குடுத்தது, அதுல நீ தலை குனியறதுக்கு ஒண்ணுமே இல்ல மக்ளே. ஆனா சட்டம் சீட்டுதான் தரும், பக்கத்துல உக்கார ஆள் தராதுல்லா. அதுதான் உன் பிரச்சினை, எனக்கு புரியுது.

நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. சமவெளியில அஞ்சாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதுக்கு ஒரு நர்ஸ், அதான் கணக்கு. முதல் போஸ்டிங் கடற்கரை ஊரு. காலைல பத்து மணிக்கு பைய தூக்கிட்டு போவேன், ஒரு வீட்டுலயும் ஆள் இருக்காது, இருந்தாலும் அப்புறம் வாங்கன்னு கதவ சாத்துவாங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் மண்டையில ஏறுச்சு, பொம்பளைங்க மீன் கூடைய தூக்கிட்டு விக்கப் போயிருப்பாங்க, சாயங்காலம்தான் ஓய்வா இருப்பாங்கன்னு. நேரத்த மாத்துனேன். போன வீட்டுக்கே திரும்ப திரும்ப போனேன். புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத பிள்ளைய வியாழக்கிழமை வீட்டுல போய் பாத்தேன். வேற வித்தை ஒண்ணும் பண்ணல. 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல் பக்கம் எல்லாத்தையும் வாரிட்டு போனப்ப, எந்த வீட்டுல யாரு மாசமா இருந்தா, யாருக்கு எத்தன பிள்ளைன்னு என் ரெஜிஸ்டர வச்சு சொல்ல முடிஞ்சுது. முகாம்ல ஒவ்வொரு பேரா வாசிச்சேன். சில பேருக்கு பதில் வரல. அன்னைக்கு ராத்திரி அந்த அம்மாமார் என் மடியில படுத்து அழுதாங்க, வெளியூர்க்காரின்னு ஒருத்தருக்கும் தோணல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்குற நெய்யூர் ஆஸ்பத்திரி கதை உனக்கு தெரியுமா? உங்க ஹாஸ்டல்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல, ஒரு ஞாயிறு போய் பாத்துட்டு வா. சாமர்வெல்னு ஒரு வெள்ளக்கார சர்ஜன், 1922ல எவரெஸ்ட் ஏறப் போன குழுவுல இருந்தவரு, எறங்குனப்புறம் இந்தியாவ சுத்திப் பாக்குறேன்னு இங்க வந்தாரு. ஒரே ஒரு சர்ஜன் நிக்கிறாரு, வெளிய நோயாளிங்க கூட்டம் கூட்டமா காத்துக் கெடக்கு. லண்டன் வேலைய விட்டுட்டு திரும்பி வந்துட்டாரு, 1924ல இன்னொரு தடவ எவரெஸ்ட் போனாரு, அதுக்கப்புறமும் நெய்யூருக்குத்தான் வந்தாரு, இருவது வருஷத்துக்கு மேல இங்கதான். அவர நான் நினைக்கும்போதெல்லாம் மலைய விட அந்த ரெண்டாவது வரவுதான் எனக்கு பெருசா தெரியுது.

சரி, உன் விஷயத்துக்கு வாரேன். 2021-22ல சேந்த பேட்ச்ல இருந்து குடும்பத்த தத்தெடுக்குற திட்டம் மெடிக்கல் படிப்புல வந்துச்சு, படிக்கிற பிள்ளைங்க சில வீடுகளுக்கு திரும்ப திரும்ப போய் உடம்பு நிலைய பாக்கணும், அதுலதான் நீ எங்க தெருவுக்கு வந்த. ரெண்டாவது விசிட்ல பக்கத்து வீட்டு மைனி "எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு பிள்ளே"ன்னு சொன்னப்ப நீ ஃபார்ம்ல வலின்னு எழுதப் போன. உன்கூட வந்த அந்த மலையாளம் பேசுற பிள்ளதான் கைய புடிச்சு, அது வலி இல்ல, மனசு பதறுறது, எங்க பாஷையிலயும் அதே வார்த்தைதான்னு சொன்னா. அவளுக்கு தமிழ் எழுத வராது, உனக்கு வார்த்தை தெரியாது, ரெண்டு பேரும் தலைய சேத்து வச்சு எழுதுனீங்க. எப்பல இருந்துன்னு நீ கேட்ட, ஒக்கி புயலுக்கு அப்புறம்னு மைனி சொன்னா. 2017 நவம்பர் கடைசியில அவ மவன் கடல்ல இருந்தான், உயிரோட வந்துட்டான், ஆனா இன்னைக்கும் காத்து கொஞ்சம் கூடுனா அவளுக்கு நெஞ்சு படபடக்கும். அத்தன வருஷம் நான் பக்கத்து வீட்டுல இருந்தும் பிரஷர் மாத்திர போட்டியான்னு மட்டும்தான் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்க.

அப்ப நீ சிரிச்ச, அந்த மலையாளம் பேசுற பிள்ளயும் சிரிச்சா. அவளுக்கும் ஹாஸ்டல்ல பேச ஆள் இருக்கான்னு நீ கேட்டியா? எனக்கென்னமோ அவளும் தனியாத்தான் சாப்பிடுறான்னு தோணுது. மெஸ்ல அவ டேபிள்ல போய் உக்காரு. முதல் நாள் பேச்சு வராட்டி ரெண்டாவது நாளும் போ.

உங்க சார் மேடம்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்னு ஆசை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளையும் தமிழ் மீடியம் பிள்ளையும் கலந்து ஒரே வீட்டுக்கு அனுப்புங்க, கடைசி வருஷம் வரைக்கும் அந்த வீட்டுக்கே அனுப்புங்க. ஃப்ரெஷர்ஸ் பார்ட்டில வராத ஒட்டு அங்க வரும். ரத்தம் எடுத்தா ரிசல்ட்ட அந்த பிள்ளைங்க கையாலயே திருப்பி கொண்டு தர வைங்க. முன்னாடி கேம்ப்னு ஒரு குரூப் வந்து எங்க தெருவுல ரத்தம் எடுத்துட்டு போச்சு, ரிப்போர்ட் இன்னைக்கு வரைக்கும் வரல. அப்புறம் யாரு வந்தாலும் கைய நீட்ட ஜனங்க யோசிக்கிறாங்க, அது எனக்கு பெரிய வேதனை.

மைனிக்கு முதல் தடவ நீ பாத்தப்ப பிரஷர் 160/100, போன தடவ 150/90. ரெண்டும் உன் கையெழுத்துல அந்த நோட்டுல இருக்கு. மூணாவது வரி நான் எழுதலாம்னு போனா, வேண்டாம் அந்த பிள்ள வந்து பாக்கட்டும்னுட்டா. வர்ற ஞாயிறு ஃபார்ம் எதுவும் எடுக்காம வா, உன்கூட வந்த அந்த பிள்ளையையும் கூட்டிட்டு வா. மரச்சீனி கிழங்கு அவிச்சு மீன்கறி வைக்கிறேன்.

உங்க நர்ஸம்மா