அந்தமான் போகிறவர்கள் கவனத்துக்கு: முதல் ஸ்கூபா

காசிமேடு, ராயபுரம் மக்களே, "நீச்சலே தெரியாதே" என்று பயப்படாதீர்கள். முதல் ஸ்கூபா டைவுக்கு (காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதற்கு) நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியேதான் வருவார், 12 மீட்டருக்குக் கீழே போகவும் மாட்டார்கள்.

இடம் என்று கேட்டால் என் ஓட்டு ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) இருக்கும் நீமோ ரீஃப் என்ற பவளப்பாறைப் பகுதிக்குத்தான். படகு ஏற வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், நம்ம ஊர் அலை மாதிரி தூக்கி அடிக்காது, ஆழம் குறைந்த இடத்தில் வாயால் மூச்சுவிடப் பழகிய பிறகுதான் உள்ளே கூட்டிப்போவார்கள். கடல் சாமந்தி என்ற பூப் போன்ற கடல் உயிரிக்குள்ளிருந்து குட்டி ஆரஞ்சு நீமோ மீன் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒளிந்துகொள்வதை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்! நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பக்கத்திலேயே நார்த் பே இருக்கிறது, ஆனால் கூட்டம்.

இறங்க இறங்க காது அடைக்கும், வலி வரும்வரை காத்திருக்காமல் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. போன தடவை சளியோடு இறங்கி, காது வலி தாங்காமல் பாதியிலேயே ஏறிவிட்டேன். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள், டைவுக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

அப்புறம், டைவ் முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. அதனால் கடைசி நாளில் வைக்க வேண்டாம்.