தை மாசக் கல்யாணமும் பிளானர் விஷயமும்

ஏட்டி,

நல்லாருக்கியா? உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். பிள்ளைக்கு தை மாசம் தேதி குறிச்சாச்சுன்னு நீ சொல்லும்போதே எனக்கு கண்ணு கலங்கிருச்சி. ஆறாப்புல ஒரே பெஞ்சில இருந்தோம், இப்ப உம் மவ மணவறையில ஒக்காரப் போறா. எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், அவிய ஒடனே காலண்டர எடுத்துட்டு வந்து வட்டம் போட்டுட்டாவ.

கல்யாண வேலைய எடுத்து நடத்த பிளானர் வைக்கணுமா, வச்சா எந்த மாதிரி ஆள வைக்கன்னு கேட்டிருந்த. போன்ல பேசுனா பாதி விட்டுப்போவும், அதான் எழுதுதேன்.

எங்க வீட்ல ரெண்டு கல்யாணம், ரெண்டும் ரெண்டு விதமா நடந்துச்சி. மூத்தவளுக்கு வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஈவென்ட் கம்பெனிட்ட மண்டபம், சமையல், ஸ்டேஜ், போட்டோ, மேளம், தாம்பூலப் பை வரைக்கும் மொத்தமா பேக்கேஜா குடுத்துட்டோம். ஸ்டேஜ் அவ்வளவு அழகு, டைம்லாம் கரெக்ட்டு, அத நான் கொற சொல்லமாட்டேன். ஆனா மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு தேங்காப்பால் ஊத்துற சொதி குழம்பு போடணும்னு சொன்னப்ப சரி மேடம்னு எழுதிக்கிட்டாவ, அவ்வளவுதான், அது நமக்கு எவ்வளவு பெரிய காரியம்னு அவியளுக்குத் தெரியல. அவிய கூட்டிட்டு வந்த மாஸ்டர் முதல் பால ஊத்திட்டு அடுப்ப கொறைக்காம விட்டுட்டாரு. மூணாம் பால்ல காய வேக வச்சி, ரெண்டாம் பால ஊத்தி, கடைசில கெட்டிப்பால ஊத்துன ஒடனே எறக்கிரணும், கொதிச்சா திரிஞ்சிரும், இது நம்ம திருநெல்வேலில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அண்டா நெறைய வெள்ளையா திப்பி திப்பியா நின்னுச்சி. சம்பந்தி வீட்டு ஆளுவ முன்னால எங்க அத்தை மொகம் போன போக்க இப்பவும் என்னால மறக்க முடியல. கடைசில தெருவுல இருந்த சமையக்கார தவசிப்பிள்ளை அண்ணாச்சிய கூப்பிட்டு, அவர் வந்து புதுசா தேங்காய் திருவி, இஞ்சிப் பச்சடியும் அவரே அரச்சி, பந்தி ஒன்றரை மணி நேரம் லேட்டு.

அதனால எளையவளுக்கு வேற மாதிரி பண்ணுனோம். மண்டபம், தவசிப்பிள்ளை, மேளம், பந்தல் எல்லாம் நாங்களே பேசி அட்வான்ஸ் குடுத்துட்டோம், கடைசி ரெண்டு வாரத்துக்கும் கல்யாண ரெண்டு நாளைக்கும் மட்டும் பாளையங்கோட்டையில ஒரு பிள்ளைய கோஆர்டினேட்டரா போட்டோம். அந்தப் பிள்ள ஒரு நோட்டு வச்சிருந்தா பாரு, காலைல மூணரைக்கு யார் கோலம் போடணும், தாலி எந்தப் பையில யார் கையில இருக்கு, அட்சதத் தட்டு எங்க, மேளக்காரவளுக்கு காப்பி குடுத்தாச்சா, நாத்தனாருக்கு எடுத்த சேல எந்த ரூம்ல, எல்லாம் பேனாவுல எழுதி முடிய முடிய டிக் அடிச்சிட்டே வந்தா. மூத்தவ கல்யாணத்துல நான் சாவிக்கொத்தோட ஓடிக்கிட்டே இருந்தேன், தாலி கட்டுறத சரியாவே பாக்கல. எளையவளுக்கு மணவறை பக்கத்துல நின்னு கெட்டிமேளம் காதுல விழ கண்ணார பாத்தேன். அதுக்கே அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும்.

ஆனா நான் பண்ணுனதையே நீயும் பண்ணுன்னு சொல்லமாட்டேன். எனக்கு மூணு கொழுந்தன், மைனிமாரு, கூப்பிட்ட குரலுக்கு ஓடியாற பையனுவ உண்டு. நீ மஸ்கட்டுல இருக்க, உன் தம்பி சென்னையில, இங்கன வீட்ல வயசான அம்மா மட்டுந்தான். கல்யாணத்துக்கு பத்து நாள் முந்தி நீ திருவனந்தபுரத்துல எறங்கி வந்து என்னத்த பாக்க முடியும்? உனக்கு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாக்குற ஆள்தான் வேணும், ஆனா அந்த ஆள் நம்ம ஊர் ஆளா இருக்கணும். ஆல்பம் பாத்து மயங்காத. மறுவீட்டுக்கு என்ன வைப்பியன்னு கேளு, நம்ம பக்கத்து சீர்வரிச தட்டு எத்தனன்னு கேளு, பதில்ல தெரிஞ்சிரும். மண்டப மேனேஜரே எல்லாம் பாத்துக்கிடுவாருன்னு சொல்லுவாவ, நம்பாத. அவர் மண்டபத்துக்குத்தான் வேல பாக்காரு, கரண்டு தண்ணி பாப்பாரு, உம் மவ சேலய தேடமாட்டாரு.

துட்டு விஷயத்த ஆரம்பத்துலயே தெளிவா பேசிரு. சிலர் மொத்தமா ஒரு தொக சொல்லுவாவ, சிலர் ஆவுற செலவுல இத்தன சதவீதம்னு கேப்பாவ, அப்ப செலவு கூடக்கூட அவியளுக்கும் கூடும் பாத்துக்கோ. இன்னும் சிலர் பூக்காரர்ட்டயும் போட்டோக்காரர்ட்டயும் கமிஷன் வாங்குவாவ. தனியா கமிஷன் உண்டாம்மான்னு மொகத்த பாத்து கேட்டுரு, தப்பே இல்ல. பில்லுல ஜிஎஸ்டி 18 சதவீதம் வரும், சொல்ற தொகைல அது சேந்திருக்கா இல்லியான்னு கேளு. பாதிக்கு மேல அட்வான்ஸ் குடுக்காத, தேதி மாறுனா எவ்வளவு திரும்பத் தருவாவன்னு பேப்பர்ல வாங்கிக்கோ. கல்யாணத்தன்னிக்கு யார் நேர்ல நிப்பாவன்னும் அதுல பேர் இருக்கட்டும், பேசுறது ஒருத்தர் வாறது ஒருத்தர்னு எங்களுக்கு நடந்துச்சி.

மண்டபம் வண்ணாரப்பேட்ட, கொக்கிரகுளம் பக்கம் பாத்தியன்னா 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்துத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சின்னு விசாரிக்கச் சொல்லு. தைல மழ கொறவுதான், ஆனாலும் தண்ணி நின்ன மண்டபத்துல ஜெனரேட்டரும் ஸ்டோர் ரூமும் கீழயே கெடந்தா வேண்டாம். டிக்கெட் விஷயமும் ஒண்ணு இருக்கு, ரயில் ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாலதான் தொறக்குது, பொங்கல் கூட்டம் வேற. நெல்லை எக்ஸ்பிரஸா வந்தே பாரத்தா, யார் யாருக்கு எதுலன்னு இப்பவே லிஸ்ட் போட்டு பிளானர் கையில குடுத்துரு. கல்யாணத்த எப்பிடியும் 90 நாளைக்குள்ள பதிவு பண்ணிரணும், மாப்பிள்ள பிள்ளைய ஒடனே வெளிநாட்டுக்கு கூட்டிட்டுப் போவாருன்னா இன்னும் சீக்கிரமா பண்ணணும், அதுக்கு கல்யாணப் பத்திரிகைல நாலஞ்ச தனியா எடுத்து வையி.

நாலு பேர விசாரிச்சி வச்சிருக்கேன், அதுல ஒரு பொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, டவுன்ல ரதவீதி பக்கத்துக்காரி. நாங்க கேட்ட முதல் கேள்விக்கே, அம்மா தனியா இருக்காவளா, அவிய என்ன சாப்பிடுவாவ, மாடி ஏறுவாவளான்னு திருப்பிக் கேட்டா. ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல வா, நானும் பக்கத்துல இருக்கேன்.

கல்யாணக் கோரப்பாய் மட்டும் என் சீர். பிளானர்ட்ட விடமாட்டேன். வியாழக்கெழம பத்தமடைக்கு நானே போறேன், பேர் போட்டு நெய்ய நாளாவும். பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் பேர தமிழ்ல எப்பிடி எழுதணும், இனிஷியல் வேணுமா வேண்டாமான்னு புதங்கெழமைக்குள்ள எழுதி அனுப்பிரு.

உன் பழைய பெஞ்சுக்காரி