காசும் கேஷும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், “ஆங்கிலேயர் ரொக்கத்துக்குச் சொல்லும் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனதே” என்று ஐயத்துக்கு இடமின்றி அச்சிட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு ‘கேஷ்’ உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் லத்தீன் ‘கப்சா’ பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் பணப்பெட்டியையும் பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்த சொல். மற்றொன்றுதான் நம்முடையது. காசு போர்ச்சுகீசியர் நாவில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், கீழ்த்திசை நாடுகளின் சிறு நாணயங்களுக்குப் பெயரானது. போர்ச்சுகீசிய மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’ என்றே பெயர் என்பதால், குழப்பத்தின் வேர் அங்கேயே இருக்கிறது.

நம் சொல் உண்மையிலேயே போன இடங்களைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1803இல் சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில் அடித்த செம்பு நாணயத்தில் ‘இருபது கேஷ்’ என்று பொறித்தார்கள். 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிப் புறப்பட்ட கப்பலொன்று 1809 ஜனவரியில் கெண்ட் கடற்கரைக்கு அப்பால் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அவற்றில் பல லட்சம் பின்னாளில் மீட்கப்பட்டன. நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே அழைத்தார்கள். சீனர்களோ அதைச் ‘சியென்’ என்பார்கள். சீன நாணயத்துக்குச் சீனாவிலேயே இல்லாத ஒரு பெயரை ஒரு தமிழ்ச் சொல் கொடுத்திருக்கிறது என்னும் செய்தி தங்கள் பக்கத்துக்குப் போதாமல் போயிற்றே!

நான் முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் பணம் எண்ணியவன். என் தலைக்கு மேல் தொங்கிய பலகையில் மேலே ‘காசாளர்’ என்றும் கீழே ‘கேஷியர்’ என்றும் எழுதியிருக்கும். முன்னதில் காசு இருக்கிறது, பின்னதில் பெட்டி இருக்கிறது என்பதை வந்து கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். எங்கள் நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த ஒற்றைக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, சங்கு முத்திரை பாதி தேய்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் என் பேத்தி, பள்ளி வினாடி வினாவில் ‘கேஷ்’ என்பதன் மூலம் பெட்டி என்று எழுதியதற்கு, தங்கள் இதழைக் காட்டித் தவறு என்று சொல்லி மதிப்பெண் தர மறுத்திருக்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இது முதன்முறையும் அல்ல. சென்ற ஆண்டு, காசுக்கு எட்டு என்று கொல்லத்தில் விற்றதால்தான் முந்திரிப் பருப்புக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்யூ’ என்று பெயர் வந்தது என எழுதினீர்கள். அது பிரேசிலின் தூப்பி மக்கள் வைத்த பெயர், போர்ச்சுகீசியரே அதைக் ‘கஜூ’ என்று கொண்டுவந்தார்கள் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘கட்டுரை அருமை’ என்று நான் எழுதாத வரியை என் பெயரில் வெளியிட்டீர்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

காசு தமிழுக்குள்ளேயே எத்தனை பொருள் கொண்டது என்பதைச் சொல்லவும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. குறுந்தொகையில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழம் பொற்கொல்லர் நகத்தில் பிடித்த பொற்காசுபோல் தோன்றுகிறது. அது நூலில் கோக்கும் அணியின் காசு. சிலப்பதிகாரத்துக் கோவலன் ‘காசறு விரையே’ என்னும்போது காசு என்றால் குற்றம். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகள் நான்கில் ஒன்றும் காசு. சிங்களத்தில் இன்றும் நாணயம் ‘காசி’தான். இவ்வளவு சொத்துள்ள சொல்லுக்கு இரவல் பெருமை எதற்கு?

அடுத்த இதழில், அதே மொழிப் பக்கத்தில், நான்கு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். பேத்தியின் பள்ளியில் காட்டுவதற்கு அந்த இதழில் ஒரு பிரதி கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
நாகர்கோவில்